முள்ளங்கிதான் முதல் பரிசு

என் வீட்டில் இருப்பது நான்காவது பிரதி. முதல் மூன்றும் நெல்லித்தோப்பில் எங்கள் தெருவிலேயே கைமாறிப் போயின. திரும்பி வரவில்லை, வரவும் வேண்டாம். டெட்சுகோ குரோயாநாகி தன் சொந்தப் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981-இல் வெளிவந்த ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. சின்னப் பிள்ளை இருக்கிற எந்த வீட்டைப் பார்த்தாலும் உள்ளே போய் இதைக் கொடுத்துவிட்டு வரலாமா என்று கை பரபரக்கிறது.

என் மகன் மூன்றாம் வகுப்பு. பேச்சு திக்கும். வாசிக்க எழுந்தால், அவன் வாயில் நிற்கிற சொல்லை மற்ற பிள்ளைகள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். கெட்ட எண்ணமில்லை, அவசரம். அவன் வாசிக்க எழுந்திருப்பதையே நிறுத்திக்கொண்டான். அந்தச் சமயத்தில்தான் ராத்திரி மொட்டைமாடியில் தினம் ஓர் அத்தியாயம் என்று ஆரம்பித்தேன்.

மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடியதற்கும், ஜன்னலில் நின்று தெருப் பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டதற்கும் ஒன்றாம் வகுப்பிலேயே வெளியேற்றப்பட்ட குழந்தை டோட்டோ. அவளைச் சேர்த்துக்கொண்டது டோக்கியோவில் 1937-இல் சோசாகு கோபயாஷி தொடங்கிய டோமோயி பள்ளி. பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை! முதல் நாள் அவள் பேசப் பேச நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்தத் தலைமையாசிரியர்.

“நடுவுல யாரும் எடுத்துக் கொடுக்கலையாம்மா?” என்றான் மகன்.

“இல்லடா கண்ணு.”

அன்றைக்கு அவன் வேறெதுவும் பேசவில்லை.

மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்பது டோமோயி வழக்கம். மறுநாளே எங்கள் டிபன் பாக்ஸில் நெத்திலியும் முருங்கைக்கீரையும். சரி, டோமோயியின் விளையாட்டு விழாவுக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தகாஹாஷி என்றொரு பையன். கைகால் வளராமல் குட்டையாக நின்றுவிட்டவன். துணியால் செய்த பெரிய மீனின் வயிற்றுக்குள் நுழைந்து வெளியே வருவது, படிக்கட்டை ஒவ்வொரு படியாக ஏறுவது என்று போட்டிகள் இருந்தன. நெட்டைக் கால்கள் தடுமாற, ஒவ்வொன்றிலும் அவனே முதல். அவனுக்காகத்தான் இந்தப் போட்டிகள் என்று கோபயாஷி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன மனுஷர்! பரிசு என்ன தெரியுமா? முள்ளங்கி, கீரை.

இன்னொரு நாள் ஓர் ஆசிரியை விளையாட்டாக, உனக்கு வால் இருக்கிறதா என்று தகாஹாஷியைக் கேட்டுவிடுகிறார். கோபயாஷிக்கு அப்படியொரு கோபம். ஆனால் அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கண்டித்தது சமையலறையில், மற்ற ஆசிரியர்கள் காதில் விழாத இடத்தில். இந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தேனோ, ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது. 1945-இல் குண்டுவீச்சில் அந்த ரயில் பெட்டிகள் எரிந்துபோனதைப் படித்த ராத்திரி நாங்கள் இரண்டு பேருமே அழுதோம்.

போன சனிக்கிழமை நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் நான் வாய் திறப்பதற்குள் மகன் கையைப் பிடித்து இழுத்தான். “நான் கேக்கறேன்.” காய்கறிக்கார ஆயாவிடம் போய், “மு… மு… மு…” என்றான். முள்ளங்கி கண்ணெதிரே குவிந்து கிடந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆயா தராசைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முள்ளங்கி. அரை கிலோ.”

அன்று ராத்திரி சாம்பாரை ஊற்றும்போது, “இது நான் ஜெயிச்சது” என்று அப்பாவிடம் சொன்னான்.