குடவோலைக்கு அஞ்சு மார்க்

வாலாஜாபாத்தில் பஸ் ஏறிப் பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில் அந்தச் சதுர்வேதிமங்கலத்துச் சபை 919இலும் 921இலும் எடுத்த இரண்டு தீர்மானங்கள், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. பி.ஏ. வரலாறு முதலாண்டு நோட்ஸில் இது அஞ்சு மார்க் கேள்வி. 30 குடும்பு, ஓலை, குடம், சீட்டெடுக்கும் சிறுவன். 'பண்டைய ஜனநாயகம்' என்று முடித்தால் முழு மார்க்.

நோட்ஸ் எழுதியவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தொனியின் ஊற்று கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. 1932இல் வந்த சோழர் நிர்வாகம் பற்றிய கட்டுரை நூலிலும், பிறகு 'சோழர்கள்' பெருநூலிலும் இந்தச் சபையை வியந்து எழுதினார். ஆனால் இது பிரம்மதேயத்துச் சபை, மற்ற கிராமங்களின் 'ஊர்' என்ற அவை வேறு என்பதை அவர் மறைக்கவில்லை. வியப்பு பாடத்துக்கு வந்தது. வேறுபாடு நூலகத்திலேயே தங்கிவிட்டது.

கல்வெட்டையே படிக்கலாமே. குடத்தில் ஒருவன் பெயர் விழ வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். "அப்போ எங்க ஆளுங்க யாரும் சீட்டுலயே இல்லையா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது தகுதி இழந்தவர்களின் பட்டியல். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மாமனார், மருமகன், மைத்துனன் வரை அத்தனை பேருக்கும் தடை. விதி இவ்வளவு நுணுக்கமாக இருக்கிறதென்றால், யாரோ ஒருவன் ஏற்கெனவே மைத்துனனை உள்ளே நுழைத்திருக்கிறான் என்றுதான் படுகிறது. ஏரி வாரியம் சும்மா கௌரவப் பதவி அல்ல. தண்ணீர் அதன் கையில். இரண்டே வருஷத்தில் வயது வரம்பைக்கூட 30–60இலிருந்து 35–70 ஆக்கினார்கள். ஏன்? இரண்டு தடவையும் அரசனின் ஆள் ஒருவர் கூடவே உட்கார்ந்திருந்தார். ஏன்?

இந்த 'ஏன்' எம்.ஏ. செமினாரில்தான் வருகிறது. சோழ அரசு மையப்படுத்தப்பட்ட அதிகார அமைப்பே அல்ல, அரசனின் பிடி பெரும்பாலும் சடங்கு சார்ந்தது என்று பர்ட்டன் ஸ்டைன் 1980இல் எழுதினார். உத்திரமேரூரில் உட்கார்ந்திருந்த அந்த அதிகாரி இந்த விளக்கத்துக்குள் அடங்கமாட்டார் என்பது என் எண்ணம். நொபொரு கராஷிமா பெரிய வாதங்களை ஒதுக்கிவிட்டுக் கல்வெட்டுகளை எண்ண ஆரம்பித்தார். 1966 கட்டுரையில் காவிரிப் பகுதியின் அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிரம்மதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் கையில். அல்லூரில் ஊராரின் கூட்டு உடைமை. புகழ்பெற்ற ஒரு கல்வெட்டு சொல்லாததை, யாரும் சீண்டாத சின்னக் கல்வெட்டுகள் சொல்லின.

எங்கள் பிள்ளைகளில் பலர் செமினார் வரை வருவதில்லை. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் ஒரகடம் கம்பெனி பஸ். வரலாறு என்று அவர்கள் கையில் மிஞ்சுவது அந்த அஞ்சு மார்க் பதில்தான். அடிப்படையை முதல்ல படிக்கட்டும், கேள்வி எல்லாம் அப்புறம் என்பார்கள். கராஷிமாவுக்கு என்ன பெரிய அடிப்படை வேண்டும்? யார் நிலம், யார் விற்றான், யார் வாங்கினான். பட்டாவுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலைந்த வீட்டுப் பிள்ளைக்கு இது முதல் செமஸ்டரிலேயே புரியும்.