அறிவுக்குறை சுட்டும் ஆங்கில வசைச்சொற்களும் தமிழாக்கமும்

1. முன்னுரை

வசைச்சொற்களைப் பெயர்ப்போர் பெரும்பாலும் அகராதிப் பொருளையே துணைக்கொள்வர். ஆயின் வசையின் ஆற்றல் பொருளில் மட்டும் அடங்குவதன்று. அச்சொல் எத்துறையில் வழங்கி, எக்காலத்தில் வசையாயிற்று என்பதும் கருதத்தக்கது. அறிவுக்குறை சுட்டும் ஆங்கிலச் சொற்களின் தமிழாக்கத்தில் இவ்வரலாறு புறக்கணிக்கப்படுவதால் நேரும் பிழைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. கலைச்சொல் வசையாதல்

'இடியட்' என்பதன் கிரேக்க மூலம், பொதுப்பணியில் ஈடுபடாத தனியாளைக் குறித்தது. 'இம்பெசில்' என்பதன் இலத்தீன் மூலம் வலுவற்றவனைக் குறித்தது. இங்கிலாந்தின் 1913ஆம் ஆண்டு மனக்குறைபாட்டுச் சட்டம் வகுத்த நான்கு வகைகளுள் இவ்விரண்டும் முதலில் நின்றன. 1910இல் அமெரிக்க உளவியலார் ஹென்றி காடர்டு 'மோரான்' என்னும் சொல்லைக் கிரேக்க மூலத்திலிருந்து ஆக்கினார். அவர்தம் பகுப்பில் மன வயது 2 வரை உடையோர் முதல்வகை. 3 முதல் 7 வரை இரண்டாம் வகை. 8 முதல் 12 வரை மூன்றாம் வகை. பொதுவழக்கில் இவ்வேறுபாடு மறைந்து, இழிவு மட்டும் எஞ்சியது. இவற்றுக்கு மாற்றாக வந்த 'ரிடார்டட்' என்பதும் பின்னர் வசையாயிற்று. 2010இல் அமெரிக்க நடுவணரசு 'ரோசா சட்டம்' வாயிலாக அதனைத் தன் சட்டங்கள் பலவற்றிலிருந்து நீக்கியது. நயச்சொல்லும் நாளடைவில் வசையாகும் இச்சுழற்சியை ஸ்டீவன் பிங்கர் 1994இல் விளக்கியுள்ளார்.

3. தமிழ்ச் சொற்களின் இயல்பு

தமிழில் இத்தகைய சொற்கள் அளவைச் சோதனையிலிருந்து பிறந்தவையல்ல. திருக்குறளில் 'பேதைமை' தனியதிகாரம் பெறுகிறது. ஆண்டு நன்மை தீமை தேர்ந்து நடவாமையே குற்றமெனப்படுகிறது, பிறவிக்குறை பேசப்படவில்லை. 'பேதை' இளஞ்சிறுமியின் பருவப்பெயருமாம். 'மடம்' மகளிர்க்குரிய பண்பாகவும் போற்றப்பட்டது. இன்றும் அறிவுடைய மகனைத் தந்தை 'மடையா' எனக் கடியுங்கால், சுட்டப்படுவது அவன் செயலேயன்றி அவன் திறனன்று. ஆயின் பேச்சுத்தமிழ் கடன்கொண்ட 'மென்டல்', 'லூசு' ஆகியன மனநலத்தைத் தொட்டு இழிப்பவை. ஆங்கில வடிவம் கொண்டிருப்பினும் இவை தமிழ் வசைகளே. 'லூசு' என்பதை அதன் மூலச்சொல்லாலேயே ஆங்கிலத்தில் பெயர்த்தால் ஒழுக்கக்கேடு என்னும் பொருள் தோன்றக்கூடும்.

4. பெயர்ப்பில் நேரும் பிழைகள்

இந்தியப் பித்தர் சட்டம் (1912) 'இடியட்' என்பதைப் பித்தர் என்னும் வரையறையுள் அடக்கியது. அச்சட்டத்தை 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நீக்கியது. எனினும் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 6ஆம் பிரிவில் இச்சொல் இன்றும் உள்ளது. சிறார், மனநலம் பிறழ்ந்தோர், 'இடியட்' எனப்படுவோர் ஆகியோர்க்கு, அந்நிலை நீங்கிய பின்னரே வழக்குத் தொடுக்கும் காலம் கணக்கிடப்படும். இதனை 'முட்டாள்' எனப் பெயர்த்தால் பாதுகாப்பு வழங்கும் விதி வசையாகிவிடும். அதற்குரியார் யார் என்பதும் விளங்காது.

புனைகதையில் இதற்கு மறுதலையான பிழை நேர்கிறது. சினமுற்ற அலுவலர் கூறும் அதே சொல்லை 'மனவளர்ச்சி குன்றியவன்' என்றாக்கினால், மூலத்தில் இல்லாத ஒரு பிரிவினர் இழிவுக்குள்ளாவர். ஆண்டு 'முட்டாள்' என்பதே போதும். 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் 'மனவளர்ச்சிக் குறைவு' 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'அறிவுசார் குறைபாடு' என மாறியுள்ளது. திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சுட்டும் சொற்கள் பற்றி உச்சநீதிமன்றம் 2024இல் நெறிமுறைகளை வகுத்தது. எனவே இது நயம் பற்றிய சிக்கல் மட்டுமன்று, உரிமை பற்றியதுமாகும்.

5. முடிவுரை

ஒரு சொல்லுக்குப் பல நிகரன்களை அடுக்கித் தரும் இருமொழி அகராதி, பெயர்ப்பாளர்க்குத் தெரிவை வழங்குகிறதேயன்றித் தெளிவை வழங்குவதில்லை. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொற்களுக்கு வழக்குக் குறிப்பு அளிக்கும் நெறியைக் காட்டியது. ஆங்கில-தமிழ் அகராதிகள் வசைச்சொற்களுக்குத் துறை, காலம், இழிவின் அளவு ஆகிய மூன்றையும் குறித்தல் வேண்டும். அதுவரை, மூலத்தில் அச்சொல் ஒருவரை வகைப்படுத்துகிறதா, வைகிறதா என்பதைப் பெயர்ப்பாளர் முதற்கண் துணிதல் இன்றியமையாதது.