மொட்டைமாடிச் சுண்ணாம்பு

கோடைக்கு முன் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதைவிட மலிவான, மனநிறைவு தரும் வீட்டு வேலை வேறில்லை. சுட்ட கிளிஞ்சல் தண்ணீர் பட்டதும் புகைந்து, கொதித்து, பூத்து, வெண்ணெயாகக் குழையும் அழகே தனி. ஆறவிட்டு, வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் பெவிகால் கலந்து, மாலையில் தளத்தை நனைத்துவிட்டு இரண்டு கோட்டிங் அடிக்க வேண்டும். காற்றின் கரியமில வாயுவை உறிஞ்சி, பூச்சு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே இறுகும். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புவதால் தளம் குறைவாகச் சூடேறும். வேலைக்கு அலைந்து திரும்புகிறவருக்கு இரவில் அறையின் அனல் தணிந்திருக்கும். அடிக்கும்போது சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கினி நட்சத்திரம் பிறக்கும் முன் அடித்துவிடுங்கள்.