‘இவ்வளவு போதும்’: இளையோர் கொடுவுலக நாவல்களும் தில்லையின் பூட்டிய அறையும்

அறிவு தடுக்கப்பட்ட ஓர் உலகில் சிறுவனோ சிறுமியோ அத்தடையைக் கண்டறிந்து மீறும் கதை, ஆங்கில இளையோர் இலக்கியத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வேரூன்றியுள்ள ஒரு வகையாகும். டிஸ்டோபியா என ஆங்கிலத்தில் வழங்கும் இவ்வகையைக் கொடுவுலக நாவல் என இக்கட்டுரையில் குறிக்கிறோம். நம் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இந்நாவல்களை ஆங்கிலத்தில் படிக்கின்றனர், திரைப்படங்களாகவும் காண்கின்றனர். தமிழாசிரியர்களோ இவை தமிழ் வகுப்பிற்குத் தொடர்பற்றவை என ஒதுக்கிவிடுவதே பெருவழக்கு. தடுக்கப்பட்ட அறிவு, சமயத்தின் பெயரால் நடக்கும் ஆட்சி ஆகிய இரண்டும் தமிழ் மரபு நன்கு அறிந்த பொருள்களே. எனவே இவ்வொதுக்கம் பொருத்தமன்று என்பது நம் கருத்து.

சமய ஆட்சியை நேரடியாகக் கதைக்களமாக்கிய முன்னோடிப் படைப்பு ஜான் விண்டமின் ‘தி கிரிசலிட்ஸ்’ (1955). பேரழிவுக்குப் பிந்திய லாப்ரடார் பகுதியில், இறைவன் வகுத்த வடிவத்திலிருந்து பிறழ்ந்த பயிர் எரிக்கப்படுகிறது. பிறழ்ந்த விலங்கு கொல்லப்படுகிறது. பிறழ்ந்த மனிதர் எல்லைக்கு அப்பால் துரத்தப்படுகின்றனர். ஆறு கால்விரல்களுடன் பிறந்த சோஃபி என்னும் சிறுமியின் ஈரக் காலடி பாறையில் பதிந்து காட்டிக்கொடுக்கும் இடம், இளம் வாசகர் எளிதில் மறவாத ஒன்று. எனினும் அந்நாவலில் தடை என்பது ‘கூடாது’ என்னும் ஒரே சொல்லால் ஆனது. தந்தை சமயவாதி, மகன் மீறுபவன், இறுதியில் தொலைதேசத்திலிருந்து வான்வழி வருவோர் மீட்கின்றனர். மீட்க வந்தோரும் இரக்கமற்றவரே எனக் காட்டியது விண்டமின் நேர்மை. ஆயினும் தடை எங்ஙனம் மக்களின் மனத்தில் இயல்பானதாகக் குடிகொள்கிறது என்ற வினாவிற்கு அவர் நெடுநேரம் செலவிடவில்லை. பிலிப் புல்மனின் முத்தொகுதியும் (1995-2000) திருச்சபை அதிகாரத்தைக் கடுமையாகச் சாடினாலும், அங்கும் பகை வெளிப்படையானது. அதன் முதற்பகுதி 2007இல் திரைப்படமானபோது அச்சமயச் சாடலே பெரிதும் மழுங்கடிக்கப்பட்டது.

லோயிஸ் லவ்ரியின் ‘தி கிவர்’ (1993) இவ்விரண்டினும் நுட்பமானது. அங்குக் கடவுளும் இல்லை, கோயிலும் இல்லை. ஆனால் சமய ஆட்சியின் உள்ளியக்கம் முழுமையாக உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் சில நூல்கள் உள்ளன: ஓர் அகராதி, ஊரைப் பற்றிய விவர நூல், விதிநூல். இவை அன்றாட வாழ்வுக்குப் போதுமானவை என்பதால் வேறு நூல் உண்டா என எவரும் வினவுவதில்லை. ஏனைய நூல்கள் எரிக்கப்படவில்லை. அவை அனைத்தும் ‘நினைவு பெறுநர்’ என்னும் ஒருவரின் அறையில் உள்ளன. பன்னிரண்டு வயது ஜோனாஸ் அவ்வறைக்குள் நுழையும்போதுதான், தனக்கு மறுக்கப்பட்டது எது என்பதையே முதன்முதலாக அறிகிறான். தடை ‘கூடாது’ என ஒலிப்பதில்லை. ‘இவ்வளவு போதும்’ என மென்மையாக ஒலிக்கிறது. நாம் வலியுறுத்த விழைவது இவ்வேறுபாட்டையே.

இந்நாவலைப் போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுவாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வேர்கொண்ட குடும்பத்து மாணவர் சிலருடன் வாசித்தபோது, ஊர் முழுமைக்கும் ஒருவரே நூலுடையவர் என்பது ஒரு மாணவிக்கு வியப்பளிக்கவில்லை. அவளுடைய பாட்டியின் இளமையில், தமிழகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னவரும் மறுமொழி எழுதித் தந்தவரும் தோட்டத்துக் கிராணியார்தாம். எதைப் படித்துக் காட்டுவது, எதை விடுவது என்பது அவர் கையில் இருந்தது. அவர் தீயவர் அல்லர் என்றும் அம்மாணவி சேர்த்துக்கொண்டாள். லவ்ரியின் ‘நினைவு பெறுநரு’ம் தீயவர் அல்லர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

தில்லையில் பூட்டிய அறை

‘இவ்வளவு போதும்’ என்னும் இக்கூற்றுக்குத் தமிழில் மிகப் பழைய சான்று ஒன்றுண்டு. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் திருமுறைகண்ட புராணம் கூறும் வரலாற்றைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லையில் பொன்னம்பலத்தின் அருகே ஓர் அறையில் காப்பிடப்பட்டுக் கிடக்கின்றன. நம்பியாண்டார் நம்பியின் வழி இதனை அறிந்த சோழ மன்னன் அறையைத் திறக்க வேண்டுகிறான். காப்பிட்ட மூவரும் வந்தாலன்றித் திறவோம் என்கின்றனர் தில்லைவாழ் அந்தணர். மன்னன் படையை ஏவவில்லை. மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறையின் முன் கொணர்கிறான். வணங்கும் உருவம் உயிருள்ளது என்பது காவலரின் சொந்தக் கொள்கை. அக்கொள்கையைக் கொண்டே பூட்டு திறக்கப்படுகிறது. எந்த ஆங்கிலக் கொடுவுலக நாவலிலும் இத்துணை நயமான மீறலை நாம் கண்டதில்லை.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. உள்ளே ஏடுகள் கரையான் புற்றால் மூடப்பட்டுள்ளன. ஒரு லட்சத்து மூவாயிரம் எனப் புராண மரபு கணக்கிடும் பதிகங்களில் எஞ்சியவை ஏறத்தாழ எண்ணூறு. மன்னன் வருந்துகிறான். அப்போது, இக்காலத்திற்கு வேண்டுவனவற்றை மட்டும் வைத்து ஏனையவற்றைக் கரையானுக்கு இரையாக்கினோம் என்னும் பொருள்பட வானொலி எழுகிறது. மன்னன் அமைதி பெறுகிறான்.

அந்த அமைதிதான் நம்மை உறுத்துகிறது. பூட்டியவர் எவர், எத்தனை தலைமுறை பூட்டிவைத்தனர், ஏன் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை என்ற வினாக்கள் அனைத்தும் அவ்வொரு குரலால் அடங்கிவிடுகின்றன. அழிவு திருவருளாக மாறிவிடுகிறது. லவ்ரியின் ஊர்ப்பெரியோர் கூறக்கூடியதும் இதுவே: உங்களுக்கு வேண்டியது உங்களிடம் உள்ளது.

இதனை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் இயலாது என்பதையும் கூற வேண்டும். இராசராசனுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்ட பல்லவர் கல்வெட்டே கோயிலில் திருப்பதியம் பாடுவோரைக் குறிப்பிடுகிறது. தஞ்சைப் பெருங்கோயிலில் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பிக்க நாற்பத்தெண்மரை நியமித்துள்ளான். ஆகவே பாடல்கள் எங்கும் வழங்காமல் ஓர் அறைக்குள் மட்டும் கிடந்தன எனக் கூறுவதற்கில்லை. புராணம் நிகழ்ச்சிக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது. அதனால் அதன் மதிப்புக் குறையவில்லை. பிற்காலச் சைவர் ஒருவர் தம் திருநூலின் வரலாற்றைப் பூட்டும் கரையானும் கொண்ட கதையாகவே நினைத்துப் பார்த்தார் என்பது வரலாற்றினும் நமக்குப் பயன்மிக்க செய்தி.

அப்புராணத்தின் மற்றொரு பகுதி வகுப்பறைகளில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஏடு கிடைத்தபின் பண் தெரியவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டே பண்கள் வகுக்கப்படுகின்றன. சொல் கோயிலின் உள்ளே பூட்டப்பட்டிருந்தது. இசையோ கோயிலுக்கு வெளியே, தாழ்வாக எண்ணப்பட்ட பாணர் குலத்து ஒரு பெண்ணின் குரலில் கரையான் தீண்டாமல் இருந்தது. இளையோர் நாவல் ஒன்றிற்கு இதனினும் வளமான கரு வேண்டுவதில்லை. அதே தில்லையில், 2008 மார்ச்சில் ஓதுவார் ஆறுமுகசாமி திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடுவதற்கு அரசாணையும் காவலர் துணையும் தேவைப்பட்டன என்பதை மாணவர்க்குக் கூறினால், இது பழங்கதை என்னும் எண்ணம் மறையும்.

இரண்டெழுத்துப் பெயர்கள்

இக்காலத் தமிழில் இவ்வகைக்கு மிக நெருங்கிய படைப்பு, 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வும் ஆகும். வார இதழின் பொது வாசகர்க்காக எழுதப்பட்டதாயினும் இளையோரே இதனைப் பெரிதும் தமதாக்கிக்கொண்டனர். கதை நிகழும் 2022ஆம் ஆண்டு இன்று கடந்தே போய்விட்டது. அதனால் நாவல் பழுதுபடவில்லை.

ஜீவா என்னும் தலைவனின் ஆட்சியில் குடிமக்களுக்கு எண்கள் தரப்பட்டுள்ளன. பிள்ளை பெற அரசின் இசைவு வேண்டும். பெயர்கள் இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது: நிலா, சிபி, ரவி, மனோ. சுஜாதாவின் புனைவுகளுள் இவ்விதியையே நாம் தலையாயதாகக் கருதுகிறோம். இங்குப் பெயர் தடைசெய்யப்படவில்லை, அளந்து தரப்படுகிறது. குலமும் ஊரும் தெய்வமும் முன்னோரும் அடங்கிய நீண்ட தமிழ்ப் பெயரில் எஞ்சியது இரண்டெழுத்து. ‘இவ்வளவு போதும்’ என்பதன் மிகச் சுருங்கிய வடிவம் இது.

ஆட்சியாளனின் பெயரும் நோக்கத்தக்கது. ஜீவா என்றால் உயிர்; ஆனால் மக்கள் போற்றும் அந்த ஜீவா உயிரற்ற ஒளியுருவம் என்பதே கதையின் தடுக்கப்பட்ட அறிவு. உருவத்தைக் கண்டு வணங்கிப் பழகிய பண்பாட்டில் இக்கற்பனை எழுப்பக்கூடிய சமய வினாக்கள் பல. சுஜாதா அவற்றின் வாயில்வரை வந்து திரும்பிவிடுகிறார். திருவரங்கச் சூழலையும் வைணவ மரபையும் இத்துணை நெருக்கமாக அறிந்த ஓர் எழுத்தாளர், தம் கொடுவுலகில் கோயிலுக்கு இடமே வைக்காதது தற்செயலாக இருக்க முடியாது. பெருவணிக வார இதழின் எல்லையை அவர் அறிந்திருந்தார் எனலாம். அவ்வெல்லையும் ஒரு ‘போதும்’தானே?

இதனினும் பெரிய குறை வேறு. ஜோனாஸ் தான் அறிந்ததைத் தன் உடலிலும் மனத்திலும் சுமக்கிறான். அந்தச் சுமையே அவனை வளர்க்கிறது. நிலாவோ கேட்பவளாகவே நிற்கிறாள். நூல்களைப் படிப்பதும் தருக்கம் செய்வதும் உண்மையைக் கண்டுசொல்வதும் ஜீனோ என்னும் இயந்திர நாயே. ஜீனோ தமிழ்ப் புனைகதையின் மிக இனிய படைப்புகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. எனினும் அறிவு மீண்டும் ஒருவரிடமே, அதுவும் ஒரு பொறியிடம், தேங்கிவிடுகிறது. நம் மாணவர் கேள்விக்கெல்லாம் கணினி விடையளிக்கும் இந்நாளில், இவ்வமைப்பு அன்றினும் இன்று கூர்மையாகப் படிக்கத்தக்கது.

சுஜாதா விண்டமை விஞ்சும் இடமும் உண்டு. பொய்த்தெய்வத்தை வீழ்த்தியவர்கள் அதனை உடைப்பதில்லை. ரவியும் மனோவும் நிலாவை அரியணையில் அமர்த்தி அவள் நிழலில் தாமே ஆள்கின்றனர். பூட்டைத் திறந்தவன் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வான் என்னும் இக்கசப்பான அறிவை, இளையோர் நாவல் பலவும் தம் வாசகர்க்குத் தரத் தயங்குகின்றன.

தோட்டமும் வகுப்பறையும்

மலேசியத் தமிழரின் கல்வி வரலாறு ‘கூடாது’ என்பதனால் ஆனதன்று. தொழிலாளர் பிள்ளைகள் படிக்கக்கூடாது எனக் குடியேற்ற அரசு சட்டம் இயற்றவில்லை; மாறாக, ஏழு முதல் பதினான்கு வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் விதி இருந்தது. பள்ளி இருந்தது. கங்காணியோ கிராணியோ ஆசிரியராக நின்ற பள்ளியும் பள்ளியே. பெரட்டுக் களத்திற்குச் செல்லவிருக்கும் பிள்ளைக்கு அது போதும் எனக் கருதப்பட்டது. பிற்காலத்திலும் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றது. அதன்பின் புகுமுக வகுப்பு. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ முதலான தோட்ட நாவல்கள் உழைப்பையும் சுரண்டலையும் விரிவாகப் பேசின. அளந்து தரப்பட்ட அறிவு அவற்றில் பின்னணியாக நிற்கிறதேயன்றிக் கதையின் நடுப்பொருளாகவில்லை.

2009ஆம் ஆண்டில் எஸ்.பி.எம். தேர்வுப் பாடங்களின் உச்ச எண்ணிக்கை பத்து என வரையறுக்கப்பட்டபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் விடுபடும் என்பதனால் சமூகம் குரலெழுப்பிப் பன்னிரண்டு வரை இசைவு பெற்றது. அக்குரலில் நியாயம் இருந்தது. 1971இல் வெளிவந்த அப்துல்லா உசேனின் ‘இன்டர்லோக்’ மலாய் நாவல் ஐந்தாம் படிவப் பாடநூலானபோது எழுந்த எதிர்ப்பிலும் நியாயம் இருந்தது. ஒரு சமூகம் முழுமையையும் இழிசொல்லால் குறிக்கும் நூலைத் தேர்வுக்காகப் படி என மாணவரைக் கட்டாயப்படுத்துதல் முறையன்று. 2011 இறுதியில் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. பாடநூலிலிருந்து நீக்குதலும் தடைசெய்தலும் ஒன்றல்ல என்பதனையும் நாம் அறிவோம். ஆயினும் நீக்கியபின் நாம் செய்தது என்ன? சாதியைப் பற்றியும் புலம்பெயர்வைப் பற்றியும் நம் இளையோர் வகுப்பில் பேசுவதற்கு அதனினும் சிறந்த தமிழ் நூல் ஒன்றை நாம் முன்வைத்தோமா? திருநாளைப்போவார் கதையைக் கற்பிக்கும்போதும் பக்தியை மட்டும் நிறுத்தி, அவர் ஏன் கோயிலின் வெளியே நின்றார் என்பதை ஓரிரு தொடர்களில் கடந்துவிடுகிறோம். தேர்வுக்கு இவ்வளவு போதும் என்கிறோம். தில்லையில் எழுந்த வானொலி இங்கு ஆசிரியரின் குரலில் எழுகிறது.

சிறுவர்க்காகக் கே. பாலமுருகன் எழுதிய ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ போன்ற மர்ம நாவல்கள், மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் கற்பனைக் கதையைத் தமிழிலேயே படிக்கக்கூடும் எனக் காட்டியுள்ளன. பதின்ம வயதினர்க்கு உரியதே இனி வேண்டும். அதுவரை, நான்காம் ஐந்தாம் படிவ மாணவர்க்கு ‘என் இனிய இயந்திரா’வையும், திருமுறைகண்ட புராணத்தில் அறை திறக்கப்படும் பகுதியின் உரைநடை வடிவத்தையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்கலாம். ‘மீண்டும் ஜீனோ’ நீண்டது; அதனை ஆசிரியர் பயிற்சிக் கழக மாணவர்க்கு விட்டுவிடலாம். புராணப் பகுதியை மட்டும் வானொலியோடு நிறுத்திவிடாமல், திருஎருக்கத்தம்புலியூர்ப் பெண் பண் வகுக்கும் இடம்வரை கொண்டுசெல்ல வேண்டும். இரண்டு பாடவேளைகளில் அது முடியும்.