போடி வியாபாரியின் உள்ளங்கை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரியின் திறமையைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் கையைப் பார்க்க வேண்டும். சாம்பிள் காயை உள்ளங்கையில் கொட்டி, விரலால் பரப்பி, ஒன்றை நகத்தால் பிளப்பார். விதை கறுத்துப் பிசுபிசுவென்றிருந்தால் விளைந்த காய். வெளுத்திருந்தால் முந்திப் பறித்தது. 8 மில்லிமீட்டர் தாண்டிய பச்சைக் காய்க்குத் தனி மரியாதை. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் விலை திரையில் ஓடினாலும், கேட்பதா விடுவதா என்பதை அந்தக் கைதான் முடிவு செய்கிறது.

கை பாடம் படித்தது மலையில். பலருக்குக் கடை போடியில், தோட்டம் கேரள எல்லைக்கு அப்பால். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் ஏறி, நிழல் மரம், காய் பறிப்பு, ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலரும் காய் எல்லாவற்றையும் நடந்து பார்த்துவிட்டே இறங்குவார்கள். சுமார் 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால்தான் 1 கிலோ தேறும். அதைக் கண்ணால் கண்டவர் ஒரு காயைக்கூடச் சிந்தவிட மாட்டார்.

வீட்டுக்கு வருவதோ ஏலத்தில் விலைபோகாத வாய்பிளந்த காய். உடனே தட்டிப் போட்டால் பாயசத்துக்கு மணம் குறையாது. நல்ல சரக்கை விற்றுவிட்டு மிச்சத்தை ருசித்துச் சாப்பிடத் தெரிந்தவர்தான் போடியில் முழு வியாபாரி.