கடல் கடந்து சர்வதேச உறவுகள் படிப்பது: வரவும் செலவும்

குடிமைப் பணிகளுக்கான முதன்மைத் தேர்வில் ‘அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்’ 500 மதிப்பெண்ணுக்கான விருப்பப் பாடம். திருவண்ணாமலை போன்ற ஊர்களில் பலருக்கு இத்துறை அறிமுகமாவது அந்தத் தேர்வின் வழியாகத்தான். தேர்வுக்குப் படிக்கத் தொடங்கி, பாடத்திலேயே மனம் தோய்ந்து, முதுநிலைப் படிப்புக்கு லண்டனையோ ஜெனீவாவையோ நாடுகிறவர்களும் உண்டு. அந்தப் படிப்பு செலவுக்குத் தகுமா? தகும் என்பதே என் முடிவு. ஆனால், தம் மண்ணின் கேள்வி ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறவருக்கு மட்டுமே தகும்.

முதலில் வரவைப் பார்ப்போம். இத்துறையில் புத்தகத்துக்கு இணையான ஆசிரியர், எதிர்த்தரப்பிலிருந்து வந்த சக மாணவர். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு, உயர்கல்விக்காகப் பாகிஸ்தான் செல்ல வேண்டாம் என்று இந்திய மாணவர்களை எச்சரித்தது. அங்கே பெறும் பட்டம் இங்கே வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்லாது என்றும் அறிவித்தது. ஆகவே ஓர் இந்தியரும் ஒரு பாகிஸ்தானியரும் ஒரே மேசையில் அமர்ந்து காஷ்மீரைப் பற்றி ஓர் ஆண்டு முழுக்க வாதிட, பெரும்பாலும் மூன்றாவது நாடு தேவைப்படுகிறது. கச்சத்தீவும் அப்படியே. 1974, 1976 ஒப்பந்தங்களை நாம் தமிழக மீனவரின் இழப்பாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். இழுவைமடிப் படகுகளால் வலையும் வாழ்வும் இழந்த யாழ்ப்பாண மீனவரின் தரப்பை, வடமாகாணத்திலிருந்து வந்த வகுப்புத் தோழி எடுத்துரைக்கும்போதுதான் நம் நியாயம் முதன்முறையாகச் சோதனைக்கு உள்ளாகிறது.

இரண்டாவது வரவு ஆவணங்கள். ஈழப் போரின் தொடக்க ஆண்டுகளில் பிரிட்டன் எடுத்த நிலைப்பாடுகளைக் காட்டும் அரசுக் கோப்புகளை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். தன் நாட்டு வெளியுறவுக் கொள்கையை ஆதாரத்தோடு விமர்சிக்கும் துணிவும் அத்தகைய வாசிப்பிலிருந்தே பிறக்கும்.

குறைகளும் சிறியவை அல்ல. முதல் குறை பார்வை பற்றியது. முதல் உலகப் போரின் அழிவிலிருந்து பிறந்த துறை இது. 1919இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் அதற்கான முதல் பேராசிரியர் பதவி உருவானது. ஐரோப்பியப் போர்கள், வல்லரசுகளின் சமநிலை, பனிப்போர் ஆகியவற்றைச் சுற்றியே கோட்பாடுகள் வளர்ந்தன. சர்வதேச ஆய்வுகள் சங்கத்தின் தலைவராக மேற்குலகுக்கு வெளியிலிருந்து முதன்முதலில் வந்தவர் ஒடிசாவில் பிறந்த அமிதவ் ஆச்சார்யா. அதுவே 2014இல்தான் நடந்தது. துறையை உலகம் முழுமைக்கும் உரியதாக்க வேண்டும் என்று அவர் வாதிட்டுவருகிறார். ஆனாலும் பல பாடத்திட்டங்களில் இந்தியா இன்னும் அணுகுண்டும் எல்லைத் தகராறுமாகவே சுருங்கிக் கிடக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தின் சர்வதேச உறவுகளோ வேறு மாதிரியானவை. செய்யாறு சிப்காட்டில், தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த லோட்டஸ் ஆலையில், அமெரிக்க நைக்கிக்காகக் காலணிகள் தயாராகின்றன. அங்கே உழைப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள். 2025 ஆகஸ்ட்டில் வாஷிங்டன் இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, அது அவர்களுடைய ஊதியத்தைத் தொடக்கூடிய செய்தியாக இருந்தது. அதே சிப்காட்டின் விரிவாக்கத்துக்கு மேல்மாவில் நிலம் தர மறுத்துப் போராடிய விவசாயிகள் சிலர்மீது 2023இல் குண்டர் சட்டம் பாய்ந்தது. மாவட்டத்தின் மறுவாழ்வு முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இவர்களுக்கு இடமில்லை. வெளிநாட்டு வகுப்பில் இவற்றையெல்லாம் யாரும் தாமாக எடுத்து நமக்குப் பாடம் நடத்தமாட்டார்கள். கேள்வியை மாணவர்தான் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது குறை வேலை. பொறியியல் பட்டம் எல்லை தாண்டி உழைக்கும். சர்வதேச உறவுகள் பட்டம் எல்லையில் நின்றுவிடும். எந்த நாட்டின் வெளியுறவு அமைச்சகமும் பொதுவாகத் தன் குடிமக்களையே பணியில் அமர்த்தும். அமெரிக்காவில் படித்து முடித்தவருக்கு 12 மாதம் பணிப் பயிற்சிக்கு அனுமதி உண்டு. அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இத்துறையினருக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. உலகைப் பற்றிய படிப்பே கடவுச்சீட்டால் இவ்வளவு கட்டுண்டு கிடப்பதை, சேர்க்கைக் கண்காட்சிகளில் கடை விரிக்கும் முகவர்கள் மாணவருக்குச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது குறைதான் என்னை அதிகம் வருத்துவது: யாரால் போக முடிகிறது? லண்டனில் ஓராண்டுப் படிப்புக்குக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து முப்பது லட்சத்தைத் தாண்டுவது இயல்பு. அவ்வளவு கடனுக்கு வங்கி ஈடு கேட்கும்; இங்கே ஈடு என்றால் பெரும்பாலும் காணியோ வீடோதான். பட்டியல் சாதி மாணவர்களுக்குப் பெரிதும் உதவும் ஒன்றிய அரசின் வெளிநாட்டு உதவித்தொகையிலிருந்து, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் சார்ந்த ஆய்வுத் தலைப்புகள் 2022இல் நீக்கப்பட்டன. தன் ஊரைப் பற்றிய கேள்வியோடு போக விரும்பும் ஏழை மாணவருக்கே அதனால் கதவு அடைபடுகிறது. முகாமில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கடவுச்சீட்டே இல்லை. இத்துறை யாருடைய வாழ்க்கையைப் பற்றியதோ அவர்களே அந்த வகுப்பறைக்கு வெளியே நிற்கிறார்கள்.

உள்நாட்டு வழிகளும் இருக்கின்றன. 1955இல் டெல்லியில் தொடங்கிய சர்வதேச ஆய்வுப் பள்ளி 1970இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. குறைந்த கட்டணத்தில் பல தலைமுறை அறிஞர்களை உருவாக்கியது. சார்க் நாடுகள் 2010இல் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகம் அண்டை நாட்டு மாணவர்களை ஒரே வளாகத்தில் சேர்த்தது. ஆனால் 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பின் சார்க் உச்சி மாநாடு நடக்கவே இல்லை. பெற்றெடுத்த அமைப்பு முடங்கினால் பிள்ளையும் வாடத்தான் செய்யும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடியே கச்சத்தீவு, அகதிகள் சிக்கல்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் பேராசிரியர் வி. சூரியநாராயண். அருகில் இருந்து செய்யும் ஆய்வின் வலுவுக்கு அவருடைய பணி சான்று.

ஆகவே வெளிநாடு செல்லும் மாணவர் எந்தப் பல்கலைக்கழகம் என்று முடிவு செய்யும் முன் எந்தக் கேள்வி என்று முடிவு செய்யட்டும். செய்யாறின் காலணி ஆலையும் முகாமின் குடியுரிமையும் எந்த வல்லரசுக் கோட்பாட்டுக்கும் குறையாத ஆய்வுப் பொருள்கள். அரசு தன் பங்குக்கு உதவித்தொகையில் தலைப்புத் தடையை நீக்க வேண்டும். மாவட்டக் கல்லூரிகளில் இத்துறைக்கு இடம் தர வேண்டும். அது பேராசை ஆகாது. இத்துறையின் முதல் பேராசிரியர் பதவி அமைந்த அபெரிஸ்ட்வித், லண்டனுக்கு வெகு தொலைவில், வேல்ஸ் மொழி பேசுவோர் வாழும் ஒரு சிறிய கடற்கரை ஊர்தான்.