வாய்மொழியும் ஆவணமும்

தமிழுக்கு இலக்கணம் வகுத்த தொல்லாசிரியர் செய்யுளை மட்டுமே சான்றாகக் கொண்டாரல்லர். மக்கள் நாவில் வழங்கும் சொல்லையும் ஒப்ப மதித்தார். வரலாறெழுதப் புகுந்த பிற்காலத்தாரோ ஏட்டிலிருப்பதை உண்மையென்றும் வாயாற் சொல்வதைக் கதையென்றும் கொள்வாராயினர். இக்கொள்கை பொருந்துமா என ஆராய்வார்க்கு, அமெரிக்க நாட்டு வண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் அமைத்துள்ள ஒலி ஆவணத் தொகுதி பெருந்துணை செய்வதாகும்.

ராபர்ட் பென் வாரன் என்னும் கவிஞர் 1964ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியுடன் பல ஊர்களுக்குஞ் சென்று, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் நின்றோரைச் செவ்வி கண்டார். மார்ட்டின் லூதர் கிங், மல்கம் எக்ஸ் முதலியோருடன், உளநூலறிஞர் கென்னத் கிளார்க்கும் அவருட் சேர்ந்தவர். பாவைகளைக் காட்டிச் சிறுவர் மனத்தை இவரும் இவர்தம் துணைவியாரும் ஆராய்ந்தனர். பாடசாலைகளில் இனப்பிரிவினை கூடாதென 1954இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் கிளார்க்கின் ஆய்வுரை சான்றாகக் காட்டப்பட்டது.

வாரன் தாம் கேட்டவற்றுட் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, தம் கருத்துரையும் கலந்து 1965இல் நூலாக்கினார். நூலில் நாம் காண்பது வாரன் காட்டும் மனிதரை. ஒலிநாடாவில் நாம் கேட்பது அம்மனிதரையும் வாரனையும். 1930இல் இனப்பிரிவினைக்குச் சார்பாக எழுதிப் பின் மனம் மாறியவர் அவர். எனவே, கேட்டவர் எவ்வாறு கேட்டார் என்பதும் ஆராயத்தக்கதே. இதனை இயலச் செய்தமையே இத்தொகுதியின் தலைசிறந்த பயன். செவ்வி தந்தோருட் பெரும்பாலார் தலைவரும் கற்றோருமாதலும், பெண்கள் சிலரேயாதலும் இதன் குறைபாடாம்.

இனி, நம் நாட்டு நிலையை நோக்குவோம். 1947இல் நாவலப்பிட்டித் தொகுதி, இலங்கை இந்தியக் காங்கிரசின் கே. இராஜலிங்கத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. மறு ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் குடியுரிமை பெறத் தொடர்ந்து இந்நாட்டில் வசித்தமையை நிறுவ வேண்டியிருந்தது. லயத்தில் பிறந்து கொழுந்து கொய்தவர், கையிற் கடதாசியின்மையால் அயலாராயினர். ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பிக்க, உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரவரே. வாரன் ஒவ்வொருவராகக் கேட்டுத் திரிந்த அதே 1964இல், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தொகையாற் பங்கிட்டது. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

ஆவணமின்மையால் அல்லலுற்ற மக்களின் சொல்லை ஆவணமாக்குதல் கற்றோர் கடன். 2005இல் தோன்றிய நூலகம் நிறுவனம் ஏடுகளையும் வாய்மொழி வரலாறுகளையும் எண்ணிமமாக்கி வருவது போற்றற்குரியது. ஆயினும் இப்பணியை ஒரு நிறுவனத்தின் தலையில் வைத்துவிட்டு நாம் வாளாவிருத்தல் தகாது.

தோட்டத்துச் சிறார்க்குக் கல்வியளிக்க வேண்டுமென 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஏட்டை மட்டும் பயில்வோன் அனைவரும் கற்றனரென மயங்குவான். நாற்பதுகளில் தோட்டப் பள்ளியில் எத்தனை நாள் இருந்தார், எதனால் நின்றார் என்பதை அன்று பிள்ளையாயிருந்தவரே சொல்லவல்லார். அவர் நினைவு ஆண்டினைப் பிழைக்கக்கூடும். அதனைச் சேர்விடாப்புத் திருத்தும். இடாப்பு மறைத்ததை அவர் சொல் விளக்கும். ஒன்றின்றி மற்றொன்று அரைச்சான்றே.

ஒரு விதி மட்டும் வேண்டும். பெரட்டுக்களம் என்று பாட்டி சொன்னால் அவ்வாறே எழுதுக. நம் செந்தமிழால் அதனைத் திருத்தற்க. கேட்ட வினாவையும் விடாது பதிக. 1948இற் பத்து வயதினராயிருந்தோர் இன்று எண்பத்தைந்தைக் கடந்தவர். மாணாக்கர்தம் இல்லங்களிலேயே அவருட் சிலர் உளர். வரும் விடுமுறை வரை அவர்கள் காத்திருப்பர் என்பதற்கு உறுதியில்லை.